கெளுத்தி இல்லாத கூட்டாஞ்சோறு

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பது மழைக்காலத்துப் பேச்சு. கோடை வந்தால் அது ஓடாது, நடக்காது, மணலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மிஞ்சுவது ஒரே ஒரு மடு. மடு என்றால் ஆற்றின் நடுவே ஆழமான பள்ளம். எந்த வெயிலிலும் தண்ணீர் வற்றாத இடம். தெரியாதவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கதை நடுவில் நிறுத்திக் கேட்டால் எனக்குப் பிடிக்காது.

கோடையில் ஆற்று மீன்கள் எல்லாம் அந்த மடுவுக்குள் வந்து ஒண்டிக்கொள்ளும். மீன் தின்னும் பிராணிகள் எல்லாம் அந்த மடுக்கரையில் வந்து ஒண்டிக்கொள்ளும். ஆனாலும் சண்டை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன்.

மீன்கொத்திக்கு வாய் ஓயாது. தண்ணீர்மேல் சாய்ந்திருந்த நீர்மருது மரக்கிளையில் அது உட்கார்ந்திருக்கும். தெளிந்த நீரில் கெண்டை மினுக்கினால் பாய்ந்து பிடிக்கும். பிடித்ததைக் காடு முழுவதற்கும் அறிவித்துவிட்டுத்தான் விழுங்கும்.

மடையானுக்குக் கூச்சம். வயலோரத்தில் மண் நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு குட்டைக் கொக்கு நிற்குமே, அதுதான் மடையான். மணல்திட்டின் ஓரமாக, கால் மட்டும் நனையும் தண்ணீரில், மூச்சுக்கூட விடாமல் நின்று அயிரை பிடிக்கும்.

பாம்புத்தாராவுக்கு நாக்கு நீளம். பாம்பு மாதிரி வளையும் இந்த நீர்ப்பறவையின் கழுத்து அதைவிட நீளம். நாணல் ஓரத்தில் உடம்பு முழுக்க நீருக்குள் மறைந்திருக்கும். விரால் காற்றுக் குடிக்க மேலே வந்து வாயைப் பிளக்கும் நேரம் பார்த்து அலகை ஈட்டியாகப் பாய்ச்சும்.

ஆமைக்கு ரோஷம். சேற்றில் முகத்தைப் புதைத்து ஆரால் மீன் தேடும். கிடைக்காவிட்டால் பட்டினி கிடக்குமே தவிர, இன்னொருவர் வாயிலிருந்து விழுந்ததைத் தொடாது.

கடைசியாக நீர்நாய். அது இந்த மடுவில் பிறந்தது அல்ல. வேறோர் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அதன் கூட்டம் ஒரு பக்கம் போக, அது மட்டும் இன்னொரு பக்கம் அடித்துவரப்பட்டு இங்கே கரையேறியது. நீர்நாய்கள் தனியாக இருக்கப் பிறந்தவை அல்ல. சேர்ந்து நீந்தும், சேர்ந்து தூங்கும், ஒன்று காணாமல் போனால் மற்றவை சீழ்க்கை அடித்துத் தேடும். இதுவும் வந்த புதிதில் தினமும் பொழுது சாயும் நேரத்தில் பாறைமேல் ஏறிச் சீழ்க்கை அடித்துப் பார்த்தது. எதிர்க்கரைப் பாறை அதே சீழ்க்கையைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு முறையும் அது ஏமாந்தது. பிறகு சீழ்க்கை அடிப்பதையே விட்டுவிட்டது.

அதற்கும் ஒரு மீன் உண்டு. கெளுத்தி. மீசை வைத்திருக்கும் கெளுத்திக்கு முதுகிலும் பக்கங்களிலும் முள். குத்தினால் பொழுதுக்கும் கடுக்கும். மற்றவர்கள் அதன் பக்கமே போவதில்லை. நீர்நாய்க்கு மட்டும்தான் கெளுத்தியைத் தலையோடு கவ்வி, முதலில் முள்ளை ஒடித்துத் துப்பத் தெரியும்.

சரி, ஆட்கள் எல்லாரும் வந்தாயிற்று. இனி கதை.

அந்த மடுக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கோடை முடிந்து, மேற்கே மேகம் கறுத்து, முதல் மழை வந்துவிடும் என்று தெரிகிற நாளில் எல்லாரும் தட்டைப் பாறைக்கு வருவார்கள். ஆளுக்கொரு மீன், அவரவர் பிடித்தது. அன்றே பிடித்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நடுவில் வைத்து, எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் தின்பார்கள். அதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர். சோறு எங்கே என்று கேட்காதீர்கள். காட்டில் ரேஷன் கடை கிடையாது.

விதி ஒன்றுதான். வெறுங்கையோடு வரக்கூடாது. கை இல்லாதவர்கள் வெறும் அலகோடு வரக்கூடாது.

தின்று முடித்ததும் முக்கியமான வேலை இருக்கிறது. மழைக்கால வரிசை போட வேண்டும்.

மழை இறங்கினால் ஆறு பொங்கும். கரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. பக்கத்து மரத்தில் இருப்பவரே கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால் மழை ஓயும்வரை, தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒருவர் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். "இருக்கிறாயா?" என்றால் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டு, அவர் தனக்கு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். வகுப்பில் "பிரசன்ட் மிஸ்" என்று கத்துகிறீர்களே, கிட்டத்தட்ட அதுதான். பதில் வராவிட்டால் எல்லாருமாகத் தேடப் போவார்கள். பாறையில் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் வரிசையில் இடம்.

போன வருஷத்துக் கூட்டாஞ்சோற்றுக்கு நீர்நாயும் போனது. கொழுத்த கெளுத்தி ஒன்றை முள் ஒடித்து, அலசி, கொண்டுபோய் நடுவில் வைத்தது. பிறகு பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கெளுத்தி காலியானது, அவ்வளவுதான்.

நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

'வெறும் கெளுத்தி,' என்று நினைத்துக்கொண்டது நீர்நாய். 'இதையெல்லாம் யார் ஒரு பொருட்டாக மதிக்கப் போகிறார்கள்?' வரிசை போடத் தொடங்குவதற்கு முன்பே அது சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டது.

அந்த மழைக்காலம் முழுவதும் பொழுது சாயும் நேரத்தில் நீர்நாய் தன் வளைக்குள் படுத்துக்கொண்டு கேட்டது.

"நான் இருக்கிறேன், இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன்! மடையானே, இருக்கிறாயா?" இது மீன்கொத்தி.

"இருக்கிறேன். அத்தை, நீங்கள் இருக்கிறீர்களா?" இது மடையான், பாதி வாய்க்குள்.

"இருக்காமல் எங்கே போவேன்? ஆமையே, இருக்கிறாயா?" இது பாம்புத்தாரா.

"இருக்கிறேன்," என்று சொல்லும் ஆமை.

அதோடு நின்றுவிடும். நீர்நாய் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிக் காத்திருக்கும். ஆமைக்குப் பிறகு மழைச் சத்தம்தான்.

இந்த வருஷம் மேற்கே மேகம் கறுத்த அன்று, விடிகிறபோதே நீர்நாய் ஒரு முடிவோடு எழுந்தது.

'ஒரு கெளுத்தியை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்காரப் போவதில்லை. இந்த மடுவில் எத்தனை வகை மீன் உண்டோ அத்தனையும் இன்று ஒரே நாளில் நானே பிடிப்பேன். எல்லாவற்றையும் பாறையில் பரப்பி வைப்பேன். வருகிறவர்கள் வாயடைத்துப் போக வேண்டும். அப்புறம் என்னை விட்டுவிட்டு எப்படி வரிசை போடுவார்கள், பார்க்கலாம்.'

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதிசயம் போய்விடுமே.

முதலில் கெண்டை. நீர்மருது மரத்தடியில் வெள்ளிச் சில்லுகளாக மினுக்கிக்கொண்டிருந்தன. நீர்நாய் பாய்ந்தது. கூட்டமாக இருந்தால் நீர்நாய்கள் வில் மாதிரி வளைந்து நின்று மீனை நடுவில் தள்ளிவிடும்; கஷ்டமே இல்லை. இதுவோ ஒற்றை ஆள். இந்தப் பக்கம் விரட்டினால் கெண்டை அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் விரட்டினால் இந்தப் பக்கம் வந்தது. அங்கும் இங்கும் ஓடி, உருண்டு, வாலால் அடித்து, தண்ணீரை நுரைக்க வைத்த பிறகுதான் ஒரு கெண்டை பல்லில் சிக்கியது.

"ஏய்! ஏய்! ஏய்!" என்று கிளையிலிருந்து கத்தியது மீன்கொத்தி. "என் வாசலில் வந்து என்ன கூத்து இது?"

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. சாயங்காலம் பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள்."

"சாயங்காலம் பார்ப்பது இருக்கட்டும். இப்போது எனக்குத் தண்ணீருக்குள் தெரிய வேண்டாமா? வெறும் நுரையாக இருக்கிறது!"

"ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன் அண்ணே. மீதி எல்லாம் உள்ளேதான் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு நீர்நாய் கெண்டையைப் பாறையில் வைக்க ஓடியது.

எடுத்தது ஒன்று என்பது உண்மைதான். கலக்கியது எவ்வளவு என்று அது கணக்குப் பார்க்கவில்லை.

அடுத்தது அயிரை. விரல் நீளம்கூட இருக்காது. மணலோடு மணலாக ஒட்டிக்கிடக்கும். அதைப் பிடிக்க அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும். நீர்நாய்க்கு அந்தப் பொறுமை எங்கே? மூக்கால் மணலை உழுது, காலால் வாரி, திட்டையே புரட்டிப்போட்டது.

அங்கே நின்றிருந்த மடையான் ஓர் அடி தள்ளி நின்றது. நீர்நாய் அங்கேயும் தோண்டியது. மடையான் இன்னும் ஓர் அடி தள்ளி நின்றது.

"நீ... இந்தப் பக்கமும் வருவாயா?" என்று மெல்லக் கேட்டது.

"நீ கொஞ்சம் அப்பால் போய் நில்லேன் தம்பி."

"அப்பால் ஆழம். எனக்குக் கால் எட்டாது."

"அப்படியானால் கரையில் ஏறி நில். சாயங்காலம் உனக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன்!"

மடையான் கரையில் ஏறி நின்றது. வேறு என்ன செய்யும், பாவம். சண்டை போடத் தெரிந்தால் அது ஏன் மடையானாக இருக்கிறது?

வெயில் ஏறியது. நீர்நாய்க்குப் பசித்தது. பிடித்ததில் ஒன்றைத் தின்றிருக்கலாம். தின்னவில்லை. ஒவ்வொன்றும் பாறைக்குப் போனது.

நாணல் பக்கம் விரால். பெரிய மீன், வலுவான மீன். நீர்நாய் அதன்மேல் விழுந்து புரண்டபோது நாணல் எல்லாம் மடங்கியது. இரண்டும் சேர்ந்து போட்ட ஆட்டத்தில் கரை மண் பொத்துப்பொத்தென்று சரிந்து விழுந்தது. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டியது.

"என்ன தம்பி, மடுவைப் போட்டு மோர் கடைகிறாயா? வெண்ணெய் வந்தால் எனக்கும் கொஞ்சம் கொடு."

"வெண்ணெய் என்ன அத்தை, அதைவிட நல்லதாகத் தருகிறேன். பாறைக்கு வாருங்கள், தெரியும்."

"பாறைக்கு வருகிறேன். வருகிறவள் அலகில் எதைக் குத்திக்கொண்டு வருவது? உன் வாலையா?"

நீர்நாய் சிரித்தது. அத்தை எப்போதும் இப்படித்தான், ஏதாவது குத்தலாகப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டது. கேட்டது கேள்வி என்பது அதன் புத்திக்கு எட்டவில்லை.

இனி ஆரால். மரவேர்களுக்கு அடியில், சேற்றுக்குள் கூர்மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். நீர்நாய் வேர்களுக்குக் கீழே முன்னங்கால்களால் பறித்தது. அடிமடுவில் படிந்துகிடந்த சேறு முழுவதும் கிளம்பி மேலே வந்தது. காலையில் கண்ணாடியாக இருந்த மடு இப்போது ஆறிப்போன காபி மாதிரி இருந்தது.

ஆராலைப் பிடித்துக் கரையில் போட்டுவிட்டு நீர்நாய் மூச்சு வாங்கியது. பக்கத்தில் சேற்றுக் குமிழி ஒன்று வந்தது. அதன் பின்னால் ஆமையின் தலை வந்தது, உச்சியில் ஒரு கட்டி சேற்றோடு.

"அந்த வேருக்கடியில் ஓர் ஆரால் இருந்தது," என்றது ஆமை. "இன்றைக்கு என்று பார்த்து வைத்திருந்தேன்."

"இதுவா அக்கா?"

ஆமை கரையைப் பார்த்தது.

"அதேதான்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நீர்நாய்க்கோ ஒரே சந்தோஷம். ஆமை அக்காவே பார்த்து வைத்த மீன் என்றால் எவ்வளவு நல்ல மீனாக இருக்க வேண்டும்!

இத்தோடு விட்டிருக்கலாம். விட்டதா? இதுவரை யாருமே பாறைக்குக் கொண்டுவராத மீன் ஒன்று வேண்டும் என்று அதற்கு ஆசை. பாறை இடுக்கில் விலாங்கு ஒன்று இருந்தது. பிடித்தால் வழுக்கும், விட்டால் சிரிக்கும். அதோடு மல்லுக்கட்டி, இரண்டு தடவை தவறவிட்டு, தன் உடம்பைப் பாறையில் உரசிக் காயப்படுத்திக்கொண்டு, ஒருவழியாக வெளியே இழுத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மேகம் தலைக்குமேல் வந்து நின்றது.

நீர்நாய் கடைசியாக ஒரு முறை முகம் கழுவ மடுவில் இறங்கியது. கலங்கல் தாங்காமல் ஒரு கெளுத்தி அதன் மூக்குக்கு நேராகவே வந்தது. கவ்வ வேண்டியதுதான் பாக்கி. முள் ஒடித்துத் துப்ப அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"நீயா?" என்றது நீர்நாய். "உன்னை யார் கேட்டார்கள்? போ அந்தப் பக்கம்."

காலால் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கரையேறியது.

பாறையைத் தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்தது. தேக்கு இலைகளைப் பறித்து வந்து விரித்தது. கெண்டை ஓர் இலையில், அயிரை ஓர் இலையில், விரால் நடுவில், ஆரால் பக்கத்தில், விலாங்கைச் சுருட்டி ஒரு தனி இலையில். அடேயப்பா! அந்த மடுக்கரையில் அப்படி ஒரு பந்தியை யாரும் பார்த்ததில்லை. யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்றுகூட நீர்நாய் யோசித்து வைத்தது. மடையானுக்குக் கூச்சம் என்பதால் மரத்தை ஒட்டின இடம். ஆமைக்கு ஏற வசதியாகச் சரிவான இடம். தனக்கு? இந்த வருஷம் ஓரத்தில் இல்லை. நடுவில்.

உட்கார்ந்தது. காத்திருந்தது.

மீன்கொத்தி தலைக்குமேல் பறந்து போனது.

"அண்ணே! இங்கே, இங்கே! எல்லாம் தயார்!"

மீன்கொத்தி ஒரு வட்டம் அடித்தது. இலைகளைப் பார்த்தது. கெண்டையையும் பார்த்தது. 

"குஞ்சுக்கு உடம்பு சரியில்லை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

எந்தக் குஞ்சு? அதன் குஞ்சுகள் எல்லாம் பறந்து போய் எத்தனையோ நாளாகிறது.

எதிர்க்கரையில் மடையான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தம்பி! உனக்கு மரத்தடியில் இடம் போட்டிருக்கிறேன், வா!"

"எனக்குப் பசி இல்லை," என்றது மடையான், திரும்பாமலே.

பசி இல்லையாம். காலையிலிருந்து ஓர் அயிரைகூட உள்ளே போகாத பறவைக்குப் பசி இல்லையாம்.

பாம்புத்தாரா பட்டமரத்தின் உச்சியில் இரண்டு சிறகுகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அத்தை, நீங்களாவது வாருங்கள்!"

"சிறகு காயவில்லை."

"வெயிலே இல்லையே அத்தை. எப்படிக் காயும்?"

"காயாது," என்றது பாம்புத்தாரா. "அதனால்தான் வரவில்லை."

நீர்நாய் இலைகளைச் சரிசெய்தது. சரியாகத்தான் இருந்தன. மறுபடியும் சரிசெய்தது. ஈரக்காற்று வந்து தேக்கு இலையின் ஓரத்தைத் தூக்கியது. அதன்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தது. மடுவில் யாரும் இல்லை. இந்தக் கரையில் யாரும் இல்லை. அவ்வளவு மீனுக்கும் நடுவில் அது ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

வெகுநேரம் கழித்துப் பாறையின் கீழே சருகு அசைந்தது. ஆமை!

"அக்கா! வந்துவிட்டீர்களா! ஏறுங்கள், ஏறுங்கள். இந்தப் பக்கம் சரிவு, கஷ்டமே இருக்காது."

ஆமை ஏறவில்லை. பாறையின் அடியிலேயே நின்றது.

"நான் மேட்டுக்குப் போகிற வழி இது. மழை வருகிறது."

"ஒரு வாய் தின்றுவிட்டுப் போங்களேன். உங்களுக்காகத்தான் ஆரால் வைத்திருக்கிறேன்."

"நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன்?"

"நீங்கள் எதற்கு அக்கா கொண்டுவர வேண்டும்? எல்லாம் நானே பிடித்துவிட்டேன். நீங்கள் சும்மா வந்தால் போதும்."

"சும்மா வருவதற்கு நான் என்ன விருந்தாளியா?" என்றது ஆமை. "நான் இந்தக் கரையில் பிறந்தவள். என் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உரிமையாக உட்கார்ந்து எல்லார் மீனையும் தின்றவள். இன்றைக்கு வெறும் வாயோடு ஏறி, நீ போடுவதைத் தின்ன வேண்டும். அதற்கு வேறு பெயர், தம்பி."



"நான் வகைக்கு ஒன்றுதானே பிடித்தேன்?"

"பிடித்தது ஒன்று. அதற்காக மடு முழுவதையும் கலக்கிவிட்டாய். மீன்கொத்திக்குத் தண்ணீருக்குள் தெரியவில்லை. மடையானுக்கு நிற்க மணல் இல்லை. நாணல் இல்லாமல் பாம்புத்தாரா எங்கே ஒளிவாள்? இன்றைக்கு யார் வாயிலும் ஒன்றும் இல்லை. வெறும் அலகைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு வருவார்கள்?"

"நீங்கள் எல்லாரும் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்."

ஆமை கழுத்தை நீட்டி, இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"எல்லாம் இருக்கிறது. கெளுத்தி எங்கே?"

"கெளுத்தியா?"

"அதுதான் உன் மீன். எங்கள் யாருக்கும் பிடிக்க வராது. போன வருஷம் நீ கொண்டுவந்தாயே, அதுதான் நாங்கள் முதல் முதலாகத் தின்ற கெளுத்தி. அந்தத் தலைக்காக மீன்கொத்திக்கும் பாம்புத்தாராவுக்கும் அடிபிடி. இந்த வருஷமும் வரும், வரும் என்று கோடை முழுக்க அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்."

நீர்நாய் ஆமையையே பார்த்தது.

"என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே."

"வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தின்று முடித்துச் சொல்லலாம் என்று திரும்பினால் உன் இடம் காலி. எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்."

முதல் தூறல் விழுந்தது. ஆமை திரும்பி நடக்கத் தொடங்கியது.

"அக்கா," என்றது நீர்நாய். "வரிசை?"

"கூட்டாஞ்சோறு நடக்காத வருஷம் பழைய வரிசைதான். அதுதான் வழக்கம்."

"பழைய வரிசையில் நான்..."

"நீதான் எழுந்து போய்விட்டாயே."

"நீங்கள் என் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? உங்களுக்கு அடுத்ததாக?"

ஆமை நின்றது.  அது ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை.

"பாறைமேல் எல்லாரும் உட்கார்ந்து போடுகிற வரிசை அது. நான் ஒருத்தி வழியில் நின்று மாற்ற முடியாது," என்றது. பிறகு, "அடுத்த வருஷம் கெளுத்தியோடு வா. கெளுத்தி மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டு மேட்டை நோக்கி நடந்தது. அதன் வேகம் உங்களுக்குத் தெரியும். அது போய் மறையும்வரை நீர்நாய் பார்த்துக்கொண்டே இருந்தது.

மழை கனத்தது.

நீர்நாய் விராலில் ஒரு வாய் கடித்துப் பார்த்தது. காலையிலிருந்து பட்டினி. ஆனாலும் மென்றதை அப்படியே வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

பாறைமேல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. முதலில் அயிரை போனது, இலையோடு. அடுத்து கெண்டை. ஆரால் சரிந்து பாறை ஓரத்தில் ஒரு நிமிஷம் தொங்கி, விழுந்தது. விலாங்குக்கு இன்னும் உயிர் இருந்திருக்கிறது. அது தானாகவே சுருள் பிரிந்து, நெளிந்து, மடுவுக்குள் இறங்கிப் போனது. போகிறவற்றை நீர்நாய் பிடிக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. மழைக்கு நடுவே நீர்மருது மரத்திலிருந்து குரல் வந்தது.

"நான் இருக்கிறேன்! மடையானே, இருக்கிறாயா?"

"இருக்கிறேன். அத்தை, நீங்கள் இருக்கிறீர்களா?"

"இருக்காமல் எங்கே போவேன்? ஆமையே, இருக்கிறாயா?"

மேட்டிலிருந்து பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

"இருக்கிறேன்."

நீர்நாய் தலையைத் தூக்கிக் காத்திருந்தது. மழைச் சத்தம்தான் கேட்டது.

"இருக்கிறேன்," என்றது நீர்நாய், மெதுவாக.

அதை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

நீதி: பிறர் கொண்டுவர இடம் விடாதவன் போடும் பந்தியில் உட்காரவும் ஆள் இருக்காது.